அவர் சொல்கிறார்

காது கேளாதவர்களுக்குக் கையால் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும் அக்காவின் வலது கைக் கட்டைவிரல் தோளுக்கு மேலே போய், பின்னால் உட்கார்ந்து பேசுகிறவரைக் காட்டிவிட்டுத் திரும்பும். அப்புறம்தான் அடுத்த வாக்கியம். அது முடிந்ததும் மறுபடியும் கட்டைவிரல். இன்று பேசுகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். காலையில் மழை நின்றதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா அதையும் சும்மா விட மாட்டாள். மழை நின்றது, அவர் சொல்கிறார். அதற்கு நன்றி, அவர் சொல்கிறார். ஜன்னலுக்கு வெளியே வெயில் பளீரென்று அடிப்பது அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிகிறது. இருந்தாலும் மழை நின்றதற்கு அக்கா பொறுப்பேற்கத் தயாராக இல்லை.

காது கேளாதவர்கள் தங்களுக்குள் புழங்குகிறவர்களுக்கெல்லாம் கையாலேயே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். தபால்காரருக்கு, உள்ளங்கையில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு குத்து. அக்காவுக்கு, தோளுக்கு மேலே போகிற கட்டைவிரல். காது கேட்கிறவர்கள் அதை வாயால் சொல்லப் போய், நாற்பத்து நான்கு வயதில் அவள் எல்லோருக்கும் 'கட்டைவிரல் அக்கா' ஆகிவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. "யாரு சொன்னாங்கன்னு தெரியணும் இல்ல? எதுக்கும் இருக்கட்டும்" என்பாள். இந்த 'எதுக்கும் இருக்கட்டும்' அவள் வாயில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும்.

சைகைமொழியில் பெயர்த்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் கையும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஆள் இருப்பதே தெரியக் கூடாது. அக்கா பதினொரு வருஷம் அந்த விதியை ஒரு பிசகு இல்லாமல் கடைப்பிடித்தவள். இப்போது அதை வேண்டுமென்றே மீறுகிறாள். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒவ்வொரு லென்ஸையும் குழல்விளக்கை நோக்கித் தூக்கி, மேலே, கீழே, சாய்த்து, கீறல் தேடுவாள். பெட்டியைப் பிரிக்கும்போதே 'புதுச்சரக்கு அக்கா, பிரிச்சுக்கூடப் பார்க்கல' என்பார் கொண்டுவந்து போடுகிறவர். "பிரிச்சுப் பார்க்கலன்னா புதுசுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவாள். டாக்டர் எழுதிய சீட்டில் எண் கொஞ்சம் கோணலாக இருந்தால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உறுதி செய்துகொள்ளாமல் கண்ணாடியைத் தொட மாட்டாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவள் சந்தேகப்பட்டதுதான் சரி என்று ஆகிவிடுவதால் ஒன்றும் சொல்வதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பாள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பழத்தை வாங்காமல் அதற்கு அடியில் இருப்பதை எடுப்பாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்குவாள், நான்காவது தடவை இழுக்க மறுபடி ஏறுவாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். நகைச்சுவைக்குக் குறைவில்லாத ஆள். "நான் தும்மினா, நெஜமாத்தான் தும்முனீங்களான்னு கேப்பா சார். மறுபடி ஒண்ணு தும்மிக் காட்டணும்" என்று டெப்போவில் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவள் முன்னால் மட்டும் அப்படிச் சிரிக்க மாட்டார். எங்கிருந்து இது வந்தது என்று அவருக்குத் தெரியும்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. அம்மா அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காது. வாய் பேச வருவதற்கு முன்னால் கை பேச வந்த குழந்தை. அந்தக் கைக்காகத்தான் பெரிய சபையில் அவளைக் கூப்பிட்டார்கள். ஆயிரம் நாற்காலி போட்ட மண்டபம். ஆள் உயரத்துக்கு மேடை. மேடைக்கு இடப்பக்கம் கீழே அவளுக்கு ஒரு முக்காலி, அதற்கு எதிரே முதல் வரிசை முழுக்கக் காது கேளாதவர்கள். அவர்களுக்கு என்று முதல் வரிசையை ஒதுக்கிய முதல் மனிதர் அந்தச் சபையின் தலைவர்தான். 'ஐயா' என்பார்கள் எல்லோரும். அதுவரைக்கும் எங்கே போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், முன்னால் உட்கார வைத்தவரை நம்பாமல் என்ன செய்வார்கள்? அக்காவும் நம்பினாள். அவர் 'நான்' என்றபோதெல்லாம் மனதார 'நான்' என்றாள்.

ஒன்பதாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காது கேளாத ஒருவனைச் சுகமாக்கப் போவதாக ஐயா அறிவித்தார். மேடைக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் காத்திருந்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ தண்ணீர் டம்ளர் வைத்த தட்டைக் கீழே போட்டார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த ஒல்லியானவனும் திரும்பிப் பார்த்தான்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த நிமிஷம் அவன் மேடையில் ஏறி, ஐயா காதில் கை வைத்து எடுத்ததும், "கேக்குது ஐயா, கேக்குது" என்று அழுதான். அக்காவின் கை 'எனக்குக் கேட்கிறது' என்றது. முகத்தில் அவன் சந்தோஷத்தையும் அப்படியே காட்டினாள். சைகைமொழியில் முகமும் பேச வேண்டும். அன்று தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்குக் கூசுகிறது. சுகம் ஒரு நிமிஷம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம், கடவுளுக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் என்ன என்று நினைத்துக்கொண்டாளாம்.

முதல் வரிசையில் அன்று தையல்காரச் சித்தி இருந்தாள். சொந்தச் சித்தி இல்லை. அக்காவின் அம்மாவோடு காது கேளாதோர் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அம்மா போனபிறகு அம்மாவின் இடத்தில் இருப்பவள். சித்திக்கு ஒரே ஆசை. பேத்தி பேச ஆரம்பித்திருந்தாள், அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். ஒல்லியானவன் சுகமானதைப் பார்த்த பிறகு மாதம் தவறாமல் மேடை ஏறினாள். ஐயா காதில் கை வைப்பார். கேக்குதா என்பார். சித்தி உதட்டைப் பிதுக்குவாள். உடனே அவர் கூட்டத்தைப் பார்த்து, இந்தச் சகோதரிக்கு விசுவாசம் போதவில்லை என்பார். அதைச் சித்தியின் முகத்துக்கு நேராகக் கையால் சொன்னது யார்? அக்காதான். ஒரு தடவை இல்லை, இரண்டு வருஷமும்.

அப்புறம்தான் அது நடந்தது. வெளியூர்களிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்த ஒரு காலைநேரம், சாட்சி சொல்வதற்கு ஒல்லியானவனை மறுபடி மேடை ஏற்றினார்கள். இதற்குள் அவனுக்குச் சபையிலேயே வாகனக் கொட்டகைக் காவலாளி வேலை. ஐயா சிரித்துக்கொண்டே, "இப்ப உனக்குக் கேக்குதா தம்பி?" என்று ஒலிபெருக்கியை நீட்டினார். அவன் வாயைத் திறந்தான். "எனக்கு எப்பவுமே கேக்கும் ஐயா. பொறந்ததுலேருந்து கேக்கும்." அக்காவின் கை பழக்கத்தில் அதையும் சொல்லி முடித்துவிட்டது.

ஒரே மாதத்தில் எல்லாம் சரிந்தது. சபையை நடத்திய மூப்பர்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். என்னென்னவோ வெளியே வந்தது, எழுதக் கூசுகிற விஷயங்களும் உண்டு. அதிகாரிகள் வந்து வாசலுக்குச் சீல் வைத்தார்கள். ஐயா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஜீப்பில் ஏறினார். அவர் படம் போட்ட பெரிய பலகையை ஏணி வைத்து இறக்கினார்கள். தெருவெல்லாம் ஒரே பேச்சு, கடவுள் தீர்ப்பு, கடவுள் தீர்ப்பு என்று. அக்காவுக்கு அந்தப் பேச்சின் மேலும் சந்தேகம். "தீர்ப்புன்னா சரி. பதினொரு வருஷமா அவரு எங்க போயிருந்தாரு?" என்று கேட்டாள்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவளை விடவில்லை. அன்று யாரும் அந்த ஒல்லியானவனை மிரட்டவில்லை, தூண்டவில்லை. அவனுக்கு நஷ்டம்தான், லாபம் இல்லை. விசாரித்தவர்களிடம், சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றானாம். இதை அவள் லென்ஸைத் திருப்புவது போல இரண்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். கீறல் அகப்படவில்லை. அகப்படாததால் இன்னும் சந்தேகம் கூடுகிறது.

சித்தி அந்த மாதத்தோடு அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அக்கா அவள் வீட்டுக்குப் போனாள். சித்தி திட்டவில்லை, கதவை அடைக்கவில்லை. தையல் மெஷினில் குனிந்துகொண்டாள், அவ்வளவுதான். நாம் கோபித்துக்கொண்டால் பேசாமல் இருப்போம், அப்போதும் எதிராளி பேசுவது காதில் விழும். காது கேளாதவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டால் ஒன்றுமே உள்ளே போகாது. அக்கா மெஷினுக்கு எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்து திரும்பினாள். அப்படி ஏழெட்டுத் தடவை. சித்திக்குக் கண் மங்குகிறது என்று மகள் சீட்டோடு கடைக்கு வந்தபோது, இருப்பதிலேயே லேசான சட்டமாகத் தேர்ந்து, லென்ஸை ஒன்பது தடவை சரிபார்த்துக் கொடுத்தனுப்பினாள். சித்தி அதை டப்பாவோடு பைக்குள் போட்டுக்கொண்டு திரிகிறாள், போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று மகள் பிறகு சொன்னாள்.

சிதறியவர்களில் பதினேழு பேர் இப்போது ஒரு டிரைவிங் ஸ்கூல் மாடியில் ஞாயிறு மதியம் கூடுகிறார்கள். சுவர் முழுக்கச் சாலை விதிப் படங்கள், மூலையில் உடைந்த ஸ்டீயரிங். தலைவர் கிடையாது. மேடை கிடையாது, யாரும் நின்றுகொண்டு பேசவும் கூடாது. பேசுகிறவர் தன் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் அக்கா கை இரண்டையும் மடியில் வைத்துவிடுவாள். அதோடு பேச்சு முடிந்தது. இந்தச் சட்டங்கள் எல்லாமே அவள் போட்டவைதான். ஏன் போகிறாய் என்று கணவர் ஒரு தடவை கேட்டதற்கு, "அவங்களை மறுபடி யாராவது ஏமாத்திடுவாங்க, அதுக்குத்தான்" என்றாள். அதில் பாதிதான் உண்மை. கடவுள் அந்த மண்டபத்தோடு போய்விட்டாரா, இன்னும் இருக்கிறாரா என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது.

போன வாரம் அந்த ஒல்லியானவனிடமிருந்து கடிதம் வந்தது. நேரில் வந்து முகம் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அக்கா அதை நாலு தடவை படித்தாள், பின்பக்கம் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேண்டவே வேண்டாம் என்றாள். ஆனால் காது கேளாதவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள், வரட்டும் என்று. அதனால்தான் இன்று தபால்காரர் மழையைப் பற்றிப் பேசும்போதே அவளுக்குக் கவனம் படிக்கட்டில் இருந்தது. கீழே யாராவது காத்திருக்கிறார்களா என்று முன்னதாகவே இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அவன் தனியாகத்தான் வந்தான். இன்னும் இளைத்திருந்தான். இப்போது எங்கோ செங்கல் சூளையில் வேலையாம். போனை எடுத்து மேஜையில் வைக்கச் சொன்னாள். வைத்தான். அணைக்கச் சொன்னாள். அணைத்தான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும்போதுதான் கடைசி வரிசையில் மகளோடு சித்தி வந்து உட்காருவதை அக்கா பார்த்தாள். அவனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள், தன்னை இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் சுற்றி வளைக்காமல் பேசினான். பொய் சொன்னதைச் சொன்னான், இரண்டு வருஷம் அந்தப் பொய்யைச் சாப்பிட்டதைச் சொன்னான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கட்டைவிரல் போய் வந்தது. அவன் கண் கலங்கியபோது அக்கா அதையும் நம்பவில்லை. முன்னேயும் அழுதவன்தானே. ஆனால் கடைசியில் அவன் குரல் இறங்கிவிட்டது.

"அன்னைக்கு நான் நல்லவனா மாறல. பொய் சொல்லத்தான் மேடை ஏறினேன். மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். யாரோ என் வாயைப் பிடுங்கிக்கிட்டாங்க. அப்படி ஒருத்தர் இல்லைன்னா நான் இன்னைக்கும் அங்கதான் சுகமாயிட்டு இருப்பேன்."

அவர் சொல்கிறார், அவர் சொல்கிறார் என்று அக்காவின் விரல் வேகமாகப் போய் வந்தது.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சித்தி எழுந்து நடுவழியில் வந்து நின்றாள். நிற்கக் கூடாது என்ற சட்டத்தை அன்று யாரும் நினைவுபடுத்தவில்லை. சித்தியின் கைகள் பேசின. அறையில் தபால்காரரைப் போலக் காது கேட்கிறவர்களும் இருந்தார்கள், அவனும் இருந்தான். அவர்களுக்காக அதை வாயால் சொல்ல வேண்டியவள் அக்கா.

"அன்னைக்கு எல்லாத் தலையும் ஒண்ணாத் திரும்புச்சு" என்று சொன்னாள் அக்கா, சித்தியின் கையைப் பார்த்து. "எதுக்குன்னு எனக்குத் தெரியாது. உன் தலையும் அதோட திரும்புச்சு. நான் பார்த்தேன்."

ஒல்லியானவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சித்தி அவனோடு முடிக்கவில்லை. கை அக்காவின் பக்கம் திரும்பியது. அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு தடவை ஏமாற்றியதாகிவிடும்.

"அப்புறம் உன் கையைப் பார்த்தேன். இவன் பொய்க்காரனா இருந்தா என் அக்கா பொண்ணு சொல்லிடுவான்னு. நீ சொல்லல. என் கண்ணை நம்பல நான். உன் கையை நம்பினேன்."

தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைத் தன் வாயாலேயே சொல்லி முடித்தாள். அவங்க சொல்றாங்க என்று சேர்த்துக்கொள்ள அவளால் முடியவில்லை. அப்புறம் அவள் சித்தியைப் பார்த்துக் கையால் சொன்னாள், நடுவில் யாரையும் காட்டாமல். நானும் பார்த்தேன் சித்தி. தெரிந்தேதான் சொன்னேன். உனக்கு நம்பிக்கை போதாது என்றதும் பொய். எனக்குத்தான் தைரியம் போதவில்லை.

சொன்னது சித்திக்குச் சரியாகத் தெரிந்ததா என்று தெரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு பைக்குள் கை விட்டு, அந்த டப்பாவை எடுத்துத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். காதுக்குப் பின்னால் ஒரு தடவை சரிசெய்தாள். ஏழெட்டு அடி நெருங்கி வந்து அக்காவுக்கு எதிரே நின்றாள்.

கடவுளைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டாள். அக்கா அதைக் காது கேட்கிறவர்களுக்கு மெல்லிய குரலில் சொன்னாள். "அவர் இருக்காரா? இல்ல, அந்த ஐயாவோட அவரும் போயிட்டாரா? இவன் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு."

அக்காவிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. பொய் சொல்ல ஏறிய ஒருவன் வாய் உண்மை சொன்னது. அந்தப் பெரிய மேடை ஒரு மாதத்தில் இல்லாமல் போனது. அதற்கப்புறமும் பதினேழு பேர் ஏமாந்த மனதோடு இந்த மாடிப்படி ஏறி வருகிறார்கள், இன்று சித்தியும் ஏறி வந்திருக்கிறாள். கையில் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு லென்ஸைக்கூட அவள் சரி என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். பயமாக இருந்தது. ஆனால் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அவள் உள்ளே ஒரே பதில்தான் இருந்தது, இரண்டு வருஷமாக இருந்தது.

அவர் இருக்கிறார் என்றது அவள் கை.

சித்தி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் சொல்வது என்று. கட்டைவிரல் பழக்கதோஷத்தில் கிளம்பித் தோள் வரைக்கும் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வந்து, அவள் நெஞ்சிலேயே அழுத்தமாக ஊன்றி நின்றது.